மருத்துவமனையில் உளவியலாளர்

பினாங்கு மாநிலத்தின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில், முன்னாளில் பிட் தெரு என்று வழங்கிய சாலை இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை எனப்படுகிறது. தென்னிந்தியர் தலைவராக ஆங்கிலக் கும்பினியார் ஏற்றுக்கொண்ட காதர் முகைதீன் என்னும் தமிழ் வணிகர் 1801ஆம் ஆண்டில் நிறுவிய பள்ளிவாசலே அச்சாலைக்குப் பெயர் தந்தது. சாலையின் வடமுனையை ஒட்டி, 1818இல் கட்டப்பெற்ற புனித ஜார்ஜ் தேவாலயம் நிற்கிறது. இடையே சீன மக்கள் வழிபடும் குவான் இன் என்னும் கருணைத்தாயின் கோயில் உள்ளது. 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், குவீன் தெருவை முகமாகவும் இச்சாலையைப் பின்புறமாகவும் கொண்டு விளங்குகிறது. சற்றுத் தள்ளிச் சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்கா உண்டு. நான்கு சமயத்தாரும் அருகருகே வழிபடும் இச்சாலையை நல்லிணக்கச் சாலை என்று அவ்வூரார் போற்றுவர்.

இவ்வழிபாட்டிடங்களுக்கு மக்கள் சுமந்துவரும் குறைகளுள் பல உடலைப் பற்றியன அல்ல. இரவில் உறக்கமில்லை என்பார் ஒருவர். காரணமின்றி நெஞ்சு படபடக்கிறது என்பார் மற்றொருவர். மகன் எவரோடும் பேசாமல் அறைக்குள் அடைந்து கிடக்கிறான், பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, கணவர் இறந்தபின் மனம் எதிலும் ஒட்டவில்லை என இவ்வாறு வரும் குறைகள் பல. திருநீறும் தாயத்தும் ஓதிய நீரும் இவற்றுக்கு ஆறுதல் தந்து வந்துள்ளன. இதே குறைகளைக் கேட்டு, ஆராய்ந்து, போக்குவதற்கென்றே பல ஆண்டுகள் பயின்ற ஒருவர் நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பிலும் இடம் பெற்றிருக்கிறார் என்பதை அறிந்தோர் சிலரே. அவரே மருத்துவ உளவியலாளர். அவர் யார், அவர் பணி யாது, தமிழ் மக்களுக்கு அவர் எட்டும் தொலைவில் இருக்கிறாரா என்பன ஆராயத்தக்கவை.

மூவர், மூன்று பணிகள்

மனநலத்துறையில் மூவர் பெயர்கள் ஒன்றோடொன்று மயங்குகின்றன. முதலாமவர் மனநல மருத்துவர். இவர் மருத்துவப் பட்டம் பெற்றுப் பின் மனநோய்த் துறையில் தேர்ந்தவர். நோய் இன்னதென முடிவு செய்யவும், மருந்து எழுதவும், வேண்டுமாயின் நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கவும் உரிமை உடையவர். இரண்டாமவர் ஆலோசகர். குடும்பம், படிப்பு, தொழில் ஆகியவற்றில் எழும் இடர்களைக் கடக்கத் துணை நிற்பவர். மலேசியாவில் இவர்களுக்கென 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் உண்டு.

மூன்றாமவர் மருத்துவ உளவியலாளர். இவர் உளவியலில் முதற்பட்டம் பெற்று, மேற்பட்டப் படிப்பில் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தவர். மலேசியாவிலும் இந்தியாவிலும் பிரிட்டனிலும் இவர் மருந்து எழுதுவதில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, லூசியானா போன்ற சில மாநிலங்களில் மட்டுமே, கூடுதல் பயிற்சி பெற்றவர்க்கு அவ்வுரிமை அளிக்கப்பட்டுள்ளது. மருந்தெழுதாத ஒருவர் நோயைத் தீர்ப்பது எவ்வாறு என்னும் ஐயம் இங்கே எழுதல் இயல்பு.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்பன அவை. மருத்துவ உளவியலாளர் முன்னிலையில் இந்நான்கும் நீங்குவதில்லை. அவற்றுள் மருந்து மட்டும் வடிவம் மாறுகிறது. நோயுற்றவரின் சொல்லும், அச்சொல்லை ஆராய்ந்து அவர் மேற்கொள்ளும் பயிற்சியுமே அங்கு மருந்தாகின்றன.

பணியின் முறை

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். மேற்கூறிய சாலையில் நாணயமாற்றுக் கடை வைத்திருக்கும் நடுவயதினர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் வீடு கடலுக்கு அப்பால் நிலப்பகுதியில் இருக்கிறது. ஒருநாள் மாலை, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் நடுவே வண்டி நெரிசலில் நிற்கையில், அவர் நெஞ்சு விரைந்து அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை குளிர்கிறது. மாரடைப்பு வந்துவிட்டதென எண்ணி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு விரைகிறார். இதயத்துடிப்பின் வரைபடமும் இரத்தச் சோதனையும் குறையின்றி உள்ளன. ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புகின்றனர். அடுத்த வாரம் மீண்டும் அதே நிலை. பின்னர் அவர் பாலத்தைத் தவிர்க்கிறார். நாளடைவில் தனியே வெளிச்செல்வதையும் தவிர்க்கிறார். கடை பாதி நாள் மூடிக் கிடக்கிறது.

இவரை மருத்துவ உளவியலாளர் முதலில் வினாக்களால் அளந்தறிகிறார். படபடப்பு எங்கே தொடங்கிற்று? அப்போது மனத்தில் ஓடிய எண்ணம் யாது? அதன்பின் அவர் செய்தது என்ன? இவற்றை நாள்தோறும் குறித்துவரச் சொல்கிறார். இதனை மதிப்பீடு என்பர்.

அடுத்து, நோய் நிலைத்து நிற்கும் காரணத்தை உளவியலாளர் ஒரு படமாக வரைந்து காட்டுகிறார். இதயம் விரைவாக அடிப்பது தீங்கற்ற ஓர் உடற்செயல். அதனை மாரடைப்பு எனக் கொள்வதால் அச்சம் மிகுகிறது. அச்சம் மிக மிக இதயம் மேலும் விரைகிறது. பாலத்தை விட்டு விலகியதும் அச்சம் தணிவதால், விலகியதே உயிரைக் காத்தது என்னும் எண்ணம் உறுதிப்படுகிறது. ஓடி ஒளிவதே அச்சத்துக்கு உணவாகிவிடுகிறது.

மூன்றாவது நிலை சிகிச்சை. அஞ்சிய இடத்துக்கே படிப்படியாகத் திரும்பச் செய்தல் அதன் சாரம். முதல் வாரம் துணைவர் ஒருவரோடு பாலத்தின் முகப்பு வரை, பின்னர் பாலத்தைக் கடந்து, அதன்பின் தனியே. ஒவ்வொரு முறையும் அச்சம் தானே எழுந்து தானே அடங்குவதை அவர் தம் உடலாலேயே கற்கிறார். ஜோசப் வோல்பி என்னும் அறிஞர் 1958இல் வெளியிட்ட நூலும், அடுத்த ஆண்டுகளில் ஏரன் பெக் வகுத்த எண்ணத் திருத்த முறையும் இவ்வகைச் சிகிச்சைக்கு அடிப்படையாயின. அச்ச நோய், மனச்சோர்வு, ஓயாது கை கழுவத் தூண்டும் எண்ணச் சுழல் ஆகியவற்றில் இம்முறைகள் பயன் தருகின்றன என்பது சோதனைகளால் நிலைநாட்டப் பெற்றுள்ளது. சித்தம் சிதையும் கடுநோய்களில் மருந்தே முதன்மை. உளவியலாளர் அதற்குத் துணை நிற்பார்.

ஆசிரியை ஒருவரால் பிறந்த துறை

இத்துறையின் தோற்றம் பள்ளியோடு தொடர்புடையது என்பது ஆசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. 1896ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பள்ளி ஆசிரியை ஒருவர், எழுத்துக் கூட்டி எழுதவியலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் லைட்னர் விட்மரிடம் அழைத்துச் சென்றார். மற்றெல்லாவற்றிலும் தெளிவுடைய பிள்ளைக்கு இது மட்டும் ஏன் வரவில்லை என்பது அவர் வினா. விட்மர் சிறுவனை ஆராய்ந்து, பார்வையில் குறை கண்டு கண்ணாடி அணிவித்து, வாசிப்பில் தனிப்பயிற்சியும் அளிக்கச் செய்தார். உலகின் முதல் உளவியல் மருத்துவ நிலையம் அவ்வாண்டில் இவ்வாறு தொடங்கிற்று. 1905இல் பிரான்சில் ஆல்பிரட் பினே அறிவளவைச் சோதனையை வகுத்ததும், தனிக்கவனம் வேண்டும் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டறிவதற்கே.

நாடு தழுவிய சுகாதார அமைப்பில் இவ்வல்லுநர் இடம் பெற்ற வரலாற்றைப் பிரிட்டனில் தெளிவாகக் காணலாம். அங்குத் தேசிய சுகாதாரப் பணி 1948 ஜூலை 5 அன்று தொடங்கிற்று. தொடக்கத்தில் உளவியலாளர் பெரும்பாலும் மருத்துவர் கேட்ட சோதனைகளைச் செய்து தருபவராகவே இருந்தார். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சார்ந்த நிறுவனத்தில் ஹான்ஸ் ஐசங்க் முதலியோர் சிகிச்சை செய்தலும் அவர் பணியே என வாதிட்டனர். சுகாதாரப் பணியில் உளவியலாளர் பங்கினை ஆராய்ந்த டிரெத்தோவன் குழு, 1977இல் அதனைத் தனித்தொழிலாக ஏற்று வழிமொழிந்தது. 2008 முதல் இங்கிலாந்தில் பேச்சுச் சிகிச்சை பொதுமக்களுக்கு விரிவாக வழங்கப்பட்டு வருகிறது. மருத்துவர் கடிதமின்றித் தாமே நேரில் பெயர் பதிந்துகொள்ளவும் அங்கு வழி உண்டு.

இந்தியாவில் 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் அமைந்தது. அடுத்த ஆண்டே அங்கு மருத்துவ உளவியல் பயிற்சி தொடங்கிற்று. 1974இல் அந்நிறுவனம் நிம்ஹான்ஸ் என விரிவடைந்தது. இன்று இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் கழகச் சட்டத்தின்படி பெயர் பதிந்துகொள்ளுதல் வேண்டும்.

மலேசியாவில் இன்றைய நிலை

மலாயாவில் மனநோய்க்கான மருத்துவம் நெடுங்காலம் ஊருக்குப் புறத்தே, மதிலுக்குள் நடைபெற்றது. 1911இல் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பெற்ற பெரிய மருத்துவமனை பின்னாளில் பகாகியா, அதாவது மகிழ்ச்சி, எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் அவ்வூர்ப் பெயரே வசைச்சொல்லாக மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. அங்குப் போக நேர்ந்தால் குடும்ப மானம் போகும் என்னும் அச்சம் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. இந்நிலையை மாற்றும் முதற்படி பினாங்கில்தான் எடுத்து வைக்கப்பட்டது. 1958இல் பினாங்குப் பொது மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு ஒன்று தொடங்கிற்று. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் செல்லும் அதே வாயில் வழியே மனத்துயர்க்கும் செல்லலாம் என்பது அந்நாளில் சிறிய செய்தியன்று.

மருத்துவ உளவியலாளரை இந்நாட்டிலேயே உருவாக்கும் முயற்சி அதற்குப் பல்லாண்டுகள் பின்னரே வந்தது. 1979இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தோன்றியது. 1990களின் நடுவில் அங்கேயே மருத்துவ உளவியல் மேற்பட்டப் படிப்பு தொடங்கிற்று. நெடுங்காலம் எவரும் இப்பெயரைச் சூட்டிக்கொள்ளலாம் என்னும் நிலை இருந்தது. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 23 தொழில்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் மருத்துவ உளவியலாளரையும் சேர்த்தது. 2020 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தம்மிடம் வருபவர் தகுதி பெற்றவர்தாமா என்று மக்கள் கேட்டறிய இச்சட்டம் வழி செய்கிறது.

எனினும் தேவை பெரிது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்டோருள் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 10 லட்சம் பேர், மனச்சோர்வுக்கு உட்பட்டிருப்பதாகக் காட்டியது. 2019இல் இது 2.3 விழுக்காடு. 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளில் மனநலக் குறையுடையோர் 7.9 விழுக்காட்டிலிருந்து 16.5 விழுக்காடாக உயர்ந்தனர். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமகன் ஒருவர் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைக் காணலாம். அவர் வழியாக மனநலப் பிரிவை அடையலாம். ஆனால் மருத்துவ உளவியலாளருட் பெரும்பாலோர் தனியார் நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றுகின்றனர். தனியாரிடம் ஒரு முறை அமர்வதற்கே நூற்றுக்கணக்கான ரிங்கிட் வேண்டும். பலமுறை அமர்ந்து பெறவேண்டிய சிகிச்சை ஏழைத் தொழிலாளிக்கு இவ்வாறு எட்டாக்கனியாகிறது.

தமிழ் மக்கள் இதனை வாளா கேட்டிருத்தல் இயலாது. 2009ஆம் ஆண்டின் தேசியத் தற்கொலைப் பதிவேட்டின்படி, மக்கள்தொகை விகிதத்தில் தற்கொலை மிகுந்திருந்தது இந்தியரிடையேதான். தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையிலிட இடந்தந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை, உயிர்பிழைத்தவர் உண்மையை மறைக்கவே முற்பட்டனர். இனி அவர் குற்றவாளியாக அல்லாமல் நோயாளியாகவே மருத்துவமனை வாயிலில் நுழைகிறார். அங்கே அவர் சொல்லைக் கேட்பவர் எம்மொழியில் கேட்கிறார் என்பது அடுத்த வினா.

மொழியே கருவி

எலும்பு முறிவைக் கதிர்ப்படம் காட்டும். நோயாளி எம்மொழி பேசினும் படம் மாறாது. உளவியலாளருக்கோ நோயாளியின் பேச்சே கதிர்ப்படம். தமிழர் தம் மனத்துயரைப் பெரும்பாலும் உடலின் மொழியில் உரைப்பர். நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, மனசு சரியில்லை என்பன அவர் வழக்குகள். இவற்றை மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நெஞ்சுவலியும் தலைவலியும் மட்டுமே எஞ்சும், துயரம் உதிர்ந்துவிடும். பெற்ற மகனையே மொழிபெயர்ப்பாளனாக அருகில் இருத்தினால், தாய் தன் கணவனைப் பற்றிச் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே எழுந்துவிடுவாள்.

பிள்ளைகளை அளக்கும் சோதனைகளில் இவ்விடர் இன்னும் கூர்மையாகிறது. தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் வீட்டில் தமிழும், கடையில் மலாயும், தொலைக்காட்சியில் ஆங்கிலமும் கேட்டு வளர்கிறான். அவன் 247 எழுத்துள்ள தமிழ் நெடுங்கணக்கையும் உரோமானிய எழுத்தையும் ஒருங்கே கற்கிறான். லகர, ளகர, ழகரங்களை அவன் மாற்றி எழுதினால், அது பேச்சு வழக்கில் அவ்வொலிகள் மயங்குவதன் விளைவாக இருக்கலாம், அது நோயன்று. ஆனால் ஈராண்டு பயின்றும் 'ப'வையும் 'ம'வையும் பிரித்தறியாமல், வாசித்த சொல்லையே மறுவரியில் புதிதாகக் கூட்டத் தொடங்கினால், அது வாசிப்புக் குறைபாட்டின் அடையாளமாகலாம். இவ்வேறுபாட்டைத் தமிழறியாத சோதனையாளர் காண்பது அரிது. தமிழாசிரியர் எளிதிற் காண்பார். பிறமொழிச் சோதனையைப் பெயர்த்தெழுதினால் மட்டும் போதாது. அந்நாட்டுப் பிள்ளைகளிடமே அதனை அளந்து தரம் வகுத்தல் வேண்டும். இந்தியாவில் வி. வி. காமத் பினேயின் சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்பத் திருத்தி அமைத்தது இதனை உணர்ந்தே.

வழிபாடும் வைத்தியமும்

வழிபாட்டிடங்களை விட்டு மக்கள் மருத்துவமனைக்கு வரட்டும் என்று கூறுதல் எளிது. அனுபவம் வேறொரு வழியைக் காட்டுகிறது. பினாங்குத் தமிழ் முஸ்லிம்கள் பலரின் முன்னோர் ஊர்கள் கடையநல்லூரிலும் ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியிலும் உள்ளன. அம்மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடிவந்த மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். அத்துயரத்துக்குப் பின்னும் மக்கள் தர்காவுக்கு வருவதை நிறுத்தவில்லை. குஜராத்தில் உனாவா என்னும் ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008 முதல், தொழுகையும் மருத்துவமும் ஓரிடத்தில் கிடைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. முஜாவர் துஆ ஓதியபின் நோயாளியை அருகிலுள்ள மனநல நிலையத்துக்கு அனுப்புவார். பின்னர் ஏர்வாடியிலும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது. நம்பிக்கையை இகழாமல் அதன் வாயிலிலேயே மருத்துவத்தை நிறுத்தியது இதன் சிறப்பு. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் நெருங்கி நிற்கும் பினாங்குச் சாலைக்கு இம்முறை பெரிதும் பொருந்தும்.

ஆசிரியர் ஆற்றத்தக்க பணி

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாடு முழுவதும் ஐந்நூற்றுக்கு மேல் உள்ளன. ஒரு குழந்தையை நாள்தோறும் பல மணி நேரம், அதன் தாய்மொழியிலேயே கவனிப்பவர் ஆசிரியர் ஒருவரே. ஆகவே மருத்துவ உளவியலாளருக்கு அவர் எழுதும் ஒரு பக்கக் குறிப்பு விலைமதிப்பற்றது. பிள்ளை மந்தம், சோம்பேறி என்னும் சொற்கள் அக்குறிப்பில் இடம்பெறலாகாது. எவ்வெழுத்தில் தடுமாறுகிறான், எக்காலம் முதல், வாய்ப்பாடத்திலும் அதே தடுமாற்றம் உண்டா, விளையாட்டில் எவ்வாறு இருக்கிறான், வீட்டில் அண்மையில் இறப்போ பிரிவோ நேர்ந்ததா என்பனவே வேண்டும். பார்வையும் கேள்வியும் முதலில் சோதிக்கப்படல் வேண்டும். அதன்பின் பெற்றோர் அக்குறிப்போடு அரசாங்கச் சுகாதார நிலையத்து மருத்துவரை அடைந்து, மேற்சிகிச்சைக்குக் கடிதம் கேட்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு மாணவரிடமோ பெற்றோரிடமோ எழுந்தால், அதனை வெறும் மிரட்டல் என்று தள்ளாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்னும் தொலைபேசி எண்ணும் துணைபுரியும்.

இத்துறைக்குத் தமிழறிந்த இளைஞர் மிகுதியாக வருதல் வேண்டும். மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்று எண்ணும் பெற்றோரிடம், உளவியல் என்னும் வழியும் உண்டு என்று எடுத்துரைக்க ஆசிரியரால் இயலும். அரசாங்கம் பணியிடங்களைப் பெருக்குதல் ஒரு பாதி. அப்பணியிடத்தில் அமர்பவர், மனசு சரியில்லை என்னும் தமிழ்ச்சொல்லின் முழுப்பொருளையும் உணர்பவராக இருத்தல் மறுபாதி. முன்னதைக் கேட்டுப் பெறுதல் சமுதாயத்தின் கடன். பின்னதற்கு வித்திடுதல் தமிழ் வகுப்பறையின் கடன்.